இடது காலில் எடுத்த மூச்சு

1

ஜனவரி 24, சனிக்கிழமை. காலை 5.50க்கு எழுந்தேன். ஈப்போவில் அந்த நேரத்துக்கு நல்ல இருட்டு. ஏழேகாலுக்குத்தான் வெளிச்சம் வரும். பின்புறம் வைத்திருக்கும் அளவுக் குப்பியில் இரவு பெய்த மழை பதினான்கு மில்லிமீட்டர் இருந்தது. குறித்துக்கொண்டு குப்பியைக் கவிழ்த்தேன். 6.40க்கு புந்தோங் சந்தை: தேங்காய் இரண்டு, கங்கோங் கீரை ஒரு கட்டு, எலுமிச்சை பத்து. தைப்பூசத்துக்கு எட்டு நாள்தான் இருக்கிறது, வீட்டில் சைவம். அதனால் மீன்கடைப் பக்கம் போகவில்லை. 7.30க்கு வீடு. என் மனைவி சாந்தி மஞ்சள் புடவைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மகள் தர்ஷினி அப்போதுதான் எழுந்து, கைப்பேசியைப் பார்த்தபடியே பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.

இருபது ஆண்டுகளுக்கு முன் இதே தேதியில்தான் நான் இந்த நாட்டில் இறங்கினேன். திண்டுக்கல்லிலிருந்து வந்தவன். இரண்டு வருட ஒப்பந்தம் என்று வந்து, இங்கேயே திருமணமாகித் தங்கிவிட்டேன். வேலை, தராசுகளைச் சோதிப்பது. தொழிற்சாலை, நகைக்கடை, காய்கறி மொத்த வியாபாரம் என்று எங்கெல்லாம் எடை பார்க்கிறார்களோ அங்கெல்லாம் போய், கருவி சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துச் சான்றிதழ் எழுதுவோம். ஒவ்வொரு ஜனவரி 24 அன்றும் ஊர் நண்பர்களுக்கு இப்படி ஒரு குறிப்பு எழுதி அனுப்புவது என் வழக்கம். வழக்கமாக மழை, விலைவாசி, வேலை பற்றி இருக்கும். இந்த வருடம் ஒரு டிரோம்போன் பற்றி இருக்கப்போகிறது.

காரணம் இதுதான். தர்ஷினி ஐந்தாம் படிவத் தேர்வு எழுதி முடித்துவிட்டாள். ஊர்க் கணக்கில் பதினோராம் வகுப்பு. அவளுக்குக் கல்லூரியில் இசை படிக்க வேண்டும். சிலாங்கூரில் ஒரு கல்லூரி இடம் கொடுத்துவிட்டது. நாளை, ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்குள் ஏற்கிறோமா இல்லையா என்று பதில் போட வேண்டும். பதில் போடாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போகும். அதற்குள் இன்னொரு ஆசிரியையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவள் கேட்டதால், இன்று காலை 10.30க்கு ஒரு சோதனை வகுப்பு ஏற்பாடாகியிருந்தது.

2

டிரோம்போன் என்றால் என்ன என்று நண்பர்கள் கேட்கலாம். ஊரில் நீங்கள் எல்லோரும் பார்த்த கருவிதான். கல்யாண ஊர்வலத்தில், சாவு ஊர்வலத்தில், பேண்டு செட்டில் ஒருவர் பித்தளைக் குழாயை நீட்டி நீட்டி இழுப்பாரே, அது. அதற்கு மற்றக் குழல்கள் போலப் பொத்தான் கிடையாது. உள்குழாயின் மேல் வெளிக்குழாய் சறுக்கும். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதற்குக் கோடு ஒன்றும் போட்டிருக்காது. காதும் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும். அளவுக்கோடு இல்லாத கருவி என்பதே எனக்கு முதலில் வியப்பாக இருந்தது.

திண்டுக்கல்லில் நான் பள்ளிக்கூடம் போகும் வழியில் பேண்டு செட்டுக்காரர்களின் சந்து ஒன்று இருந்தது. பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தொங்கும். தங்க நிற நாடா வைத்த சிவப்புச் சட்டைகள் கொடியில் காயும். பனியனோடு ஒருவர் படியில் உட்கார்ந்து இதைத்தான் பழகுவார். குழாய் சந்துக்குள் நீளும்போது சைக்கிள்கள் ஒதுங்கிப் போகும். அங்கே நிற்கக் கூடாது என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள். ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்காமலே தெரியும்படிதான் ஊர் எங்களை வளர்த்திருந்தது. ஏழு வருடம் அந்த வழியே போயிருக்கிறேன். அந்த மனிதர்களில் ஒருவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

இங்கே நிலைமை வேறு. பேண்டு குழுவுக்கு மலாயில் பஞ்சராகம் என்று பெயர். நம் பக்கத்திலிருந்து போன சொல் என்று நினைக்கிறேன். மலாய், சீன, தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் அதில் இடம் கிடைக்க முண்டியடிக்கிறார்கள். தர்ஷினி ஐந்து வருடம் பள்ளிப் பஞ்சராகத்தில் டிரோம்போன் வாசித்தாள், கடைசி இரண்டு வருடம் அந்தப் பிரிவுக்குத் தலைவி. மாநிலப் போட்டியில் தங்கம் வாங்கினார்கள். பரிசளிப்புப் படத்தை அக்காவுக்கு அனுப்பியபோது திண்டுக்கல்லிலிருந்து உடனே அழைத்தாள்.

"பதக்கமெல்லாம் சரிடா. காலேஜுலயும் இதையேவா படிக்கப் போறா?"

"ஆமாக்கா, மூணு வருஷப் படிப்பு."

"ஏன்டா, பேண்டு செட்டு அடிக்கிறதுக்கு யாராச்சும் டிகிரி வாங்குவாங்களா? இங்க வந்து சொல்லிராத, சிரிப்பாங்க."

தர்ஷினி பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டாள். "அத்தை, அங்க வந்தா நானே வாசிச்சுக் காட்டுறேன். அப்புறம் சிரிங்க" என்றாள். அக்கா பேச்சை விலைவாசிக்கு மாற்றினாள்.

3

கல்லூரி தேடும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. மூன்று கல்லூரிகளுக்கு ஓர் அட்டவணை போட்டேன், பதினேழு வரிசை: விடுதி உள்ளேயா வெளியேயா, ரயில் நிலையத்திலிருந்து தூரம், பயிற்சி அறைகள் எத்தனை, அவை எத்தனை மணிவரை திறந்திருக்கும், பட்டத்துக்கு அரசு அங்கீகாரம் உண்டா, இப்படி. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டினேன். சிலாங்கூர்க் கல்லூரி எளிதாக முதலிடம் வந்தது. பெரிய அணிவகுப்புக் குழு, தனி அரங்கம், உள்ளேயே விடுதி. போட்டிச் சான்றிதழ்களைப் பார்த்தே, வாசிக்கச் சொல்லிக் கேட்காமலே இடம் கொடுத்தார்கள்.

விண்ணப்பத்தில் சிறு சிக்கல் வந்தது. எங்கள் வீட்டில் இரண்டு நிற அடையாள அட்டைகள். சாந்தியும் தர்ஷினியும் குடிமக்கள், நீலம். நான் நிரந்தரவாசி, சிவப்பு. 'தந்தையின் குடியுரிமை' என்ற இடத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். உடனே படிவம் மகளை வெளிநாட்டு மாணவியாக்கி, அவளுடைய விசாவைக் கேட்டது. ஈப்போ அரசு மருத்துவமனையில் பிறந்த பெண்ணுக்கு எந்த நாட்டு விசாவைக் கொடுப்பது? நான்கு முறை தொலைபேசி, ஒருமுறை பிறப்புச் சான்றிதழின் நகலில் முத்திரை, ஒரு விளக்கக் கடிதம். பன்னிரண்டு நாளில் அவளை மறுபடி மலேசியப் பெண்ணாக்கினேன்.

இதையெல்லாம் முடித்து அட்டவணையை அவளிடம் காட்டினேன். விரலை வைத்து மேலிருந்து கீழே பார்த்தாள்.

"பா, டிரோம்போனுக்கு யாரு டீச்சரு?"

பதினேழு வரிசையிலும் அது இல்லை.

கல்லூரியை அழைத்தேன். மாணவர் சேர்க்கையைக் கவனிக்கும் என்சிக் ரம்லி, அதாவது திரு. ரம்லி, மரியாதையான மனிதர். கவலைப்பட வேண்டாம் என்றார். பித்தளைக் கருவிகள் அனைத்துக்கும் ஒரே விரிவுரையாளர் இருக்கிறார், டிரம்பெட்டில் பெரிய ஆள். டிரோம்போனுக்குத் தனியாக யாராவது நியமிக்கப்படலாம். பழைய மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். "எல்லாரும் நல்லா இருக்காங்க" என்றார் மலாயில். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

இரண்டாவது கல்லூரியில் டிரோம்போனே சொல்லித்தருவதில்லை. மூன்றாவது கோலாலம்பூரில், கடைவீட்டுக் கட்டடத்தின் மேல் மாடிகளில் இருக்கிறது. என் அட்டவணையில் அதற்குத்தான் கடைசி இடம். விடுதி கிடையாது, அரங்கம் கிடையாது. ஆனால் அங்கே டிரோம்போன் சொல்லித்தருபவர் டிரோம்போன்காரர். பெயர் செலின். ஈப்போவில் ஒரு தேவாலய மண்டபத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து வாசிக்கும் குழுவுக்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை வருகிறார். தர்ஷினி அவளாகவே செய்தி அனுப்பி நேரம் வாங்கியிருந்தாள். நான் அதைக்கூடச் செய்யவில்லை.

4

எங்களை அழைத்துப்போனது சாந்தியின் அண்ணன் தியாகு. புந்தோங்கில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறார். தர்ஷினியின் டிரோம்போனே அவர் வாங்கித் தந்ததுதான். கமுந்திங்கில் ஒரு பழைய குழு கலைந்தபோது கிடைத்தது. வளைவில் இருந்த நசுங்கலை அவரே தட்டிச் சரிசெய்தார்.

"மச்சான், பைப்பு ஒண்ணுதானலா? எங்க ஊதினா என்னா? கிட்டக்க இருக்கிற காலேஜா பாருங்க" என்றார் வண்டியில்.

"மாமா, உங்க மோட்டோர எந்த மெக்கானிக்கிட்டயும் விடுவீங்களா?" என்று கேட்டாள் தர்ஷினி.

"அலாமாக், இவகிட்ட வாயக் குடுக்க முடியாதுலா."

செலினுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். குள்ளமான உருவம், கட்டை முடி, கையில் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணீர். என்னையும் தியாகுவையும் பின்வரிசை நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். "சார், கேள்வியெல்லாம் கடைசியில. இப்ப எனக்கு இவங்கதான் வேணும்."

தர்ஷினி போட்டியில் வாசித்த பாட்டை வாசித்தாள். இரண்டு நிமிடம். வீட்டில் எத்தனையோ முறை கேட்டது. ஒரு தப்பும் இல்லை. தியாகு என் தொடையில் தட்டினார்.

"சுத்தமா இருக்கு" என்றார் செலின். "எத்தன வருஷமா வாசிக்கிறம்மா?"

"அஞ்சு, மிஸ்."

"நின்னுக்கிட்டா, நடந்துக்கிட்டா?"

தர்ஷினி சிரித்தாள். "ரெண்டுந்தான், மிஸ்."

"சரி, இன்னொரு தடவ. இப்ப நான் உன் சப்பாத்த மட்டும் பாக்குறேன்."

மறுபடி வாசித்தாள். செலின் உண்மையாகவே குனிந்து காலணியையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் மண்டபத்து மேடையைக் காட்டினார். நெஞ்சு உயரம் இருக்கும். "அது மேல ஏறி விளிம்புல உக்காரு. காலு தரையில படக் கூடாது. தொங்கணும். அதே பாட்டு."

தர்ஷினி ஏறி உட்கார்ந்தாள். முதல் வரி வந்தது. இரண்டாவது வரியில் ஒலி மெலிந்தது. மூன்றாவதில் நடுவிலேயே அறுந்தது. மறுபடி தொடங்கினாள், அதே இடத்தில் அறுந்தது. ஐந்து வருடத்தில் அவள் பாதியில் நிறுத்தி நான் கேட்டதில்லை.

"என்னா ஆச்சு?"

"தெரியல மிஸ். மூச்சு எங்க எடுக்கறதுன்னு தெரியல."

"இவ்ளோ நாளு எப்படித் தெரிஞ்சிச்சு?"

அவள் தொங்கிக்கொண்டிருந்த தன் காலைப் பார்த்தாள்.

செலின் எங்களுக்கும் கேட்கும்படி விளக்கினார். பள்ளிப் பஞ்சராகத்தில் நடந்துகொண்டே வாசிப்பார்கள். எட்டு அடிக்கு ஒரு மூச்சு, இடது கால் ஊன்றும்போது எல்லோரும் ஒன்றாக. அப்போது நாற்பது தோளும் ஒரே நேரத்தில் உயரும், நடுவர் கண்ணுக்கு அழகாக இருக்கும். அந்தப் பழக்கத்தில், நின்று வாசித்தாலும் இடது கால் தட்டினால்தான் மூச்சு வரும். இங்கே பேராக் மாநிலத்தில் அநேகமாக எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் பழக்குகிறார்கள், தானும் அப்படிப் பழகியவள்தான் என்றார்.

"இந்த வரி பதிமூணு எண்ணிக்கைம்மா. நீ எட்டுல வெட்டிட்ட. 'அப்பா வீட்டுக்கு வந்து சோ'ன்னு நிறுத்தி, மூச்ச இழுத்துட்டு, 'று சாப்பிட்டாரு'ன்னு சொன்னா எப்படி இருக்கும்?"

தியாகு சத்தமாகச் சிரித்துவிட்டார். தர்ஷினி சிரிக்கவில்லை.

"அஞ்சு வருஷமா யாரும் சொல்லலையே, மிஸ்."

"சொல்ல மாட்டாங்க. அங்க அதுக்குத்தான் கோல்டு குடுக்கறாங்க. தப்பு ஒண்ணும் இல்ல, அது வேற வேல. ஆனா இங்க வந்தா மொத நாலு மாசம் எந்த பேண்டுலயும் உன்ன வாசிக்க விட மாட்டேன். உக்காந்து, மூச்சு மட்டும். அத இன்னைக்கே சொல்லிடறேன், அப்புறம் வந்து அழக் கூடாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "இப்ப கேளுங்க சார்."

என்சிக் ரம்லியிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டேன். உங்கள் பழைய மாணவர்கள் இப்போது எங்கே?

விரல் விட்டு எண்ணினார். "டிரோம்போனுக்குன்னு வந்தது ஏழு பேரு சார். ரெண்டு பேரு ஸ்கூல் டீச்சரு. ஒருத்தன் ராணுவ பேண்டுல இருக்கான். ஒருத்தி வெளிநாட்டுல மேல படிக்கிறா. ஒருத்தன் இன்சூரன்ஸ் விக்கிறான், ஞாயித்துக்கிழம சர்ச்சுல வாசிப்பான். ஒருத்தி விட்டுட்டா, ஏன்னு சொல்லல. ஒருத்தன் கோச்சிக்கிட்டுப் போயிட்டான்."

"எதுக்குக் கோபம்?"

"இதுக்குத்தான். உக்காந்து மூச்சு விடுன்னு சொன்னேன்."

"இவள எடுத்துக்குவீங்களா?"

"நான் மட்டும் சொல்ல முடியாது சார். பிப்ரவரி பதினாலு வாசிச்சுக் காட்டணும், மூணு பேரு கேப்போம். இன்னொண்ணும் சொல்லணும். இன்னைக்கு நான் இவங்க பழக்கத்த ஆட்டி விட்டுட்டேன். மூணு வாரத்துல புதுசு கூடி வரலாம், வராமலும் போலாம். பழசும் முன்ன மாதிரி இருக்காது."

சிலாங்கூரில் கையெழுத்துப் போட்டால் போதும், இடம் உறுதி. இங்கே தேர்வே இனிமேல்தான். காலைவரை சுத்தமாக வாசித்துக்கொண்டிருந்தவள் இப்போது இரண்டு வரி தாண்டவில்லை. ஞாயிறு மதியத்துக்குள் ஒன்றை விட்டாக வேண்டும்.

5

திரும்பும் வழியில் தர்ஷினி பின்னிருக்கையில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்னாலா மூஞ்சி இப்படி இருக்கு? ஜில்லுன்னு செண்டோல் சாப்பிடுவமா?" என்றார் தியாகு.

"வேணாம் மாமா."

"அந்த மிஸ்ஸு சும்மா உன்ன பயங்காட்டுது. கால ஆட்டாம எவன் ஊதுவான்?"

"மாமா, ப்ளீஸ்லா. பேசாதீங்க."

நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் அதைப் போய்ப் பார்த்தேன்.

எங்கள் வீட்டு முன்புறம், கார் நிறுத்தும் இடத்தில், தரை ஓட்டின் மேல் மஞ்சள் நாடாக்கள் ஒட்டியிருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் நான் ஒட்டியவை. அணிவகுப்பில் ஓர் அடி இருபத்திரண்டரை அங்குலம் இருக்க வேண்டும் என்று ஜுருலாத்தே, அதாவது குழுவின் பயிற்சியாளர், சொல்லியிருந்தார். தர்ஷினி வீட்டில் பழகும்போது அடி மாறக் கூடாது என்று இரும்பு நாடா வைத்து அளந்து, மில்லிமீட்டர் பிசகாமல் எட்டு இடத்தில் ஒட்டினேன். எட்டு அடி போவாள், எட்டு அடி வருவாள். 'சத்து, டுவா, தீகா' என்று மலாயில் எண்ணுவாள். மற்றதையெல்லாம் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேசுகிறவள் எண்ணிக்கைக்கு மட்டும் மலாய்க்குப் போய்விடுவாள். நான் உள்ளே உட்கார்ந்து எத்தனை நிமிடம் பழகினாள் என்று டைரியில் எழுதுவேன். மாதக் கடைசியில் கூட்டி அவளிடம் சொல்வேன். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

டைரியை எடுத்துப் புரட்டினேன். இரண்டு வருடத்தில் அவள் உட்கார்ந்து வாசித்ததாக ஒரு குறிப்பு இல்லை. நின்றாளா, நடந்தாளா, எங்கே மூச்சு எடுத்தாள் என்று எழுதும் எண்ணமே எனக்கு வந்ததில்லை. தராசு சோதிக்கும்போது முதலில் நாங்கள் பார்ப்பது அது எந்தத் தரையில் நிற்கிறது என்பதைத்தான். தரை சரியில்லாவிட்டால் சான்றிதழ் தர மாட்டோம். வீட்டில் அந்தப் புத்தி வேலை செய்யவில்லை.

நாடாக்களை உரித்துவிடலாமா என்று குனிந்தேன். பிறகு, அது என் வேலையில்லை என்று விட்டுவிட்டேன்.

6

மாலை ஆறு மணிக்கு முன்பக்கமிருந்து டிரோம்போன் சத்தம் கேட்டது. ஒரே ஒரு நீண்ட ஒலி. அடிச்சத்தம் இல்லை. எட்டிப் பார்த்தேன். தர்ஷினி மதில்மேல் உட்கார்ந்திருந்தாள், கால் இரண்டும் தரையைத் தொடாமல்.

அடுத்த வீட்டு வோங் ஆண்ட்டி துணி எடுத்துக்கொண்டிருந்தார். "ஐயோ கேர்ள், டுடே நோ வாக்கிங் ஆ?" என்று கேட்டார். அவருக்குக்கூடத் தெரிந்திருக்கிறது.

நான் கதவருகே நின்று, பழக்கத்தால் எண்ண ஆரம்பித்தேன். முதல் மூச்சு ஏழில். அடுத்தது பத்தில். பிறகு ஆறில், தடுமாறி. பிறகு பன்னிரண்டு வரை போனது. ஒலி சில இடத்தில் நடுங்கியது, சில இடத்தில் காற்று மட்டும் வந்தது. போட்டியில் வாசித்ததோடு ஒப்பிட்டால் மோசம்தான். ஆனால் அடுத்த மூச்சு எங்கே வரும் என்று எனக்குத் தெரியவில்லை. அது தெரியாததால் காது அங்கேயே நின்றது. ஐந்து வருடத்தில் இன்றைக்குத்தான், நேரம் பார்க்காமல் அவள் வாசித்ததைக் கேட்டேன் என்று நினைக்கிறேன். எத்தனை நிமிடம் என்று டைரியில் இல்லை.

இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கே முடித்தோம். சாந்தி பேச்சை எடுத்தாள். அவள் பிறந்தது பத்து காஜா என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீடுகளில். இப்போது அங்கே எண்ணெய்ச் செம்பனைத் தோட்டமும் ஒரு புதுக் குடியிருப்பும் இருக்கின்றன. பதினெட்டு வயதில் கிடைத்த தாதியர் பயிற்சி இடத்தை, ஒரு வாரம் தாமதமாகப் பதில் போட்டதால் இழந்தவள் அவள். இடம், தேதி என்ற சொற்கள் வந்தாலே அவள் குரல் மாறிவிடும்.

"குடுத்த இடத்த வேணாம்னு சொல்றதுக்கு நம்ம என்னா பட்டம் வாங்குன டத்தோ வீட்டுப் புள்ளையா? அங்க ஹோஸ்டல் இருக்கு, கேட்டுல காவல் இருக்கு. காலையில ஆறு மணிக்கே பேரு கூப்பிட்டு வரிசையில நிறுத்துவாங்களாம்."

"மா, அது பெரட்டு மா. தாத்தா தோட்டத்துல விடியக்காலையில பேரு குடுக்க நின்னாருன்னு நீங்கதானே சொல்லுவீங்க."

"பெரட்டுல நின்னுதான்டி நாங்க சாப்பிட்டோம்."

"நான் வேணாம்னு சொல்லல மா."

"அப்ப என்னாதான் சொல்ற?"

"அந்த மிஸ் எனக்குப் புடிக்கல" என்றாள் தர்ஷினி. தட்டைத் தள்ளிவைத்தாள். "செம்ம கோவமா வருது. ஆனா கேட்டது சரி."

சாந்தி என்னைப் பார்த்தாள். "நீங்க ஒண்ணும் சொல்லலையா? எல்லாத்துக்கும் லிஸ்ட்டு போடுவீங்களே."

"ரெண்டு இடத்துலயும் ஒரே கேள்வி கேட்டேன்" என்றேன். "ஒரு இடத்துல எல்லாரும் நல்லா இருக்காங்கன்னாங்க. இன்னொரு இடத்துல விட்டுட்டுப் போனவன் கணக்கும் சேத்துச் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா பிப்ரவரியில இவளுக்குக் கெடைக்கலன்னா ஒரு வருஷம் போயிடும். அதுவும் நெசம்."

"போனா?" என்றாள் சாந்தி.

"போனா நான் இங்கதான் இருப்பேன். மதில்ல உக்காந்துக்குவேன்" என்றாள் தர்ஷினி. சாந்திக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டது தெரிந்தது.

நாளைக் காலையில் சொல்கிறேன் என்று தர்ஷினி எழுந்து போய்விட்டாள். எந்தக் கல்லூரி கிடைத்தாலும் இந்த வருடக் கடைசியில் அவள் இந்த வீட்டில் இருக்கப்போவதில்லை என்ற எண்ணம், அவள் தட்டைக் கழுவும் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு வந்தது. நானும் இப்படித்தான் ஒரு நாள் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அன்று அப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. வெளிநாடு, சம்பளம், விமானம் என்று எனக்கும் அவ்வளவுதான் தெரியும். என்னை அங்கே யார் வேலை பழக்குவார்கள் என்று நாங்கள் இருவருமே யோசிக்கவில்லை. நல்லவேளையாக, முதல் மூன்று வருடம் கோபக்கார மேற்பார்வையாளர் ஒருவர் வாய்த்தார். அதற்கு மேல் என் திறமை ஒன்றும் இல்லை.

7

ஜனவரி 25, ஞாயிறு. 6.55. மழைக்குப்பியை எடுக்க எழுந்தவனை தர்ஷினி கூடத்தில் நிறுத்தினாள். ஏற்கெனவே குளித்திருந்தாள். என் மடிக்கணினியைத் திறந்து வைத்திருந்தாள்.

"பா, பாஸ்வர்டு போடுங்க."

சிலாங்கூர்க் கல்லூரியின் பக்கம் திறந்தது. ஏற்கிறேன், மறுக்கிறேன் என்று இரண்டு பொத்தான்கள். இரண்டாவதை அழுத்தினாள். பக்கம் மாறி, காரணத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது: பணம், உடல்நலம், குடும்பம், மற்றவை. மற்றவையை அழுத்தினாள். ஒரு கட்டம் திறந்தது. அதில் 'ஆசிரியர்' என்று மலாயில் ஒரு சொல் எழுதி அனுப்பப் பார்த்தாள். குறைந்தது இருபது எழுத்து வேண்டும் என்று படிவம் திருப்பிவிட்டது.

"நான் சரியா எழுதித் தரட்டுமா? மரியாதையா, நன்றி சொல்லி" என்றேன்.

"இருங்க பா."

எழுதியிருந்த ஒரு சொல்லை அழித்தாள். பிறகு வேகமாகத் தட்டினாள். சமையலறையிலிருந்து வந்த சாந்தி அவள் தோளுக்கு மேலாக எட்டி, தமிழில் மாற்றி வாய்விட்டுப் படித்தாள்.

"'நன்றி சார். நான் இன்னும் மூச்சு விடக் கத்துக்கல. மொதல்ல அதப் படிக்கப் போறேன்.' ஏய், என்னாடி இது? ஆஸ்பத்திரியில கெடக்கறன்னு நெனச்சுக்கப் போறாங்க!"

நான் எழுத்துப்பிழை பார்ப்பதற்காகக் கண்ணாடியைத் தேடினேன். எடுத்துப் போடுவதற்குள் அவள் அனுப்பிவிட்டாள். மணி 7.08.